மோதிரம் எடுக்கும் யமீனா

ஷெர்ஷெல் ஊரில், துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் சந்தின் முடிவில் ஒரு ஹம்மாம், ஆவிக்குளியல் கூடம், உண்டு. காலையில் ஆண்கள் குளிப்பார்கள். மதியத் தொழுகைக்குப் பிறகு பெண்கள். பெண்கள் நேரத்தில் வாசல் கூடத்துப் பலகையின் ஓரத்தில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவள்தான் யமீனா. மோதிரம் காப்பது அவள் வேலை.

ஆவிக்குள் மோதிரத்தோடு போனால் வெள்ளி கறுத்துவிடும். சோப்பு நுரையில் வழுக்கிச் சாக்கடைக்கு ஓடிவிடும். அதனால் உள்ளே நுழையும்முன் ஒவ்வொருத்தியும் கழற்றி யமீனாவின் உள்ளங்கையில் வைப்பாள். யமீனா அதைத் துணியில் முடிந்து மடியில் போட்டுக்கொள்வாள். சீட்டு கிடையாது, எண் கிடையாது. முப்பது பேர் குளித்துவிட்டு முகம் சிவக்க வெளியே வந்து கையை நீட்டுவார்கள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவளவள் மோதிரத்தை அவளவளிடம் கொடுப்பாள் யமீனா. ஒரு நாளும் மாறியதில்லை.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணமும் கூடிவரவில்லை. முப்பத்தெட்டு வயதாகியும், மூன்று பேர் சேர்ந்தாற்போல் தன்னைப் பார்த்தால் அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கண்ணும் காதும் விரலும் சும்மா இருக்கவில்லை.

கல்யாணம் ஆகாததால் அவளுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. கோடை மாதங்களில், வெயில் தாழ்ந்ததும் பெண்கள் மொட்டைமாடியில் கூடி புகாலா வைப்பார்கள். ஏழு குழாய்த் தண்ணீர் பிடித்த மண்குடுவை, சாம்பிராணிப் புகை, குடுவையின் வாயில் ஒரு துணி. ஒவ்வொருத்தியும் மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு, துணிக்கடியில் கைவிட்டு மோதிரத்தைத் தண்ணீருக்குள் போடுவாள். யார் போட்டது எது என்று யாரும் பார்க்கக் கூடாது. பிறகு ஒரு நாலடிப் பாட்டு சொல்லப்படும். அது முடிந்ததும் கல்யாணமாகாத கை ஒன்று உள்ளே போய் ஒரு மோதிரத்தை எடுக்கும். அந்த மோதிரத்தைப் போட்டவளுக்கு அந்தப் பாட்டு. அவளுக்கு வரப்போவது அதற்குள் இருக்கும்.

பதினாறு வருஷமாக அந்தக் கை யமீனாவின் கை.

இதில் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. மோதிரம் காத்துக் காத்து, ஊரில் உள்ள ஒவ்வொரு மோதிரமும் அவள் விரலுக்குத் தெரியும். தண்ணீருக்குள் கை போனதுமே இது இன்னாருடையது, அது இன்னாருடையது என்று விரல் சொல்லிவிடும். அதனால் குடுவையில் கைவிடும் நேரம் மனதுக்குள் வேகமாக எண்ண ஆரம்பிப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு வந்ததும் கைக்கு எது அகப்படுகிறதோ அதை எடுப்பாள். கையைச் செவிடாக்கிக்கொள்வது என்று அதற்கு அவளே ஒரு பெயர் வைத்திருந்தாள். ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை. விரலுக்குத் தெரியும் என்பதை யாரிடமும் சொன்னதும் இல்லை.

சொல்லாதது இன்னொன்றும் உண்டு. சில பாட்டுகள் அவளே கட்டியவை. ஹம்மாம்கார அம்மாள் லல்லா கெய்ராதான் பாட்டுச் சொல்கிறவள். துண்டு மடிக்கும்போது யமீனா அவளிடம், "பிலிதா ஊர்க்காரி ஒருத்தி குளிக்க வந்தா, லல்லா. இப்படி ஒண்ணு சொன்னா" என்று முணுமுணுப்பாள். லல்லா கெய்ரா பிடித்துக்கொள்வாள். கட்டியவள் பேர் தெரிந்துவிட்டால் பாட்டுக்குப் பலன் போய்விடும் என்பது ஊர் வழக்கம். அதனால் யார் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த வருஷம் கோடையில் ஹஸீபா ஊர் திரும்பினாள்.

ஹஸீபாவும் யமீனாவும் நாலாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. ஹஸீபா மேலே படித்து டீச்சரானாள், கதை எழுதினாள், அல்ஜியர்ஸ் பத்திரிகையில் பேர் வந்தது. எழுதியதை முதலில் ஹம்மாம் கூடத்துக்குத்தான் கொண்டுவருவாள். மீன் தராசில் கட்டைவிரலை வைத்து அழுத்தும் ஃபதீலா, மருமகளின் செருப்பை ஒளித்துவைக்கும் மாமியார் என்று அதில் வருகிறவர்களெல்லாம் சந்துக்காரர்கள். "என்னைத்தானடி எழுதியிருக்கே!" என்று துண்டோடு அடிக்க வருவார்கள், அடுத்த கதை எப்போது என்றும் கேட்பார்கள். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆன நேரம் அது. அரசாங்கம் படிப்புக்கென்று ஆட்களை எங்கெங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. ஹஸீபாவைக் கடல் தாண்டி ப்ராக் நகரத்துக்கு அனுப்பியது. இரண்டு வருஷம் கழித்து, கழுத்துவரை வெட்டிய முடியோடு வந்தாள். வந்த வாரமே அவள் கதை ரேடியோவில் வந்தது. கூடத்தில் எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள்.

கதையில் ஓர் ஆள். பேர் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பனி விழுகிறது. டிராம் போகிறது. அவன் கம்பளிக் கோட்டை மாட்டுகிறான். பிறகு கழற்றுகிறான். பனி விழுந்துகொண்டே இருக்கிறது. அவ்வளவுதான், இசை போட்டுவிட்டார்கள்.

"கரன்ட் போயிருச்சா?" என்றாள் மீன்காரி ஃபதீலா.

"இல்லக்கா, கதை முடிஞ்சிருச்சு" என்றாள் ஹஸீபா.

"முடிஞ்சிருச்சா? அந்த ஆளு சாப்பிட்டானா இல்லையா?"

"அது முக்கியமில்லக்கா."

"சாப்பாடு முக்கியமில்லையா! அடியே, கோட்டை மாட்டுனான், கழட்டுனான். எங்க வீட்டு மனுஷனும் தினம் அதைத்தான் செய்றாரு. ரேடியோல சொல்றாங்களா?"

கூடமே சிரித்தது. ஹம்மாமுக்குப் பக்கத்து வீட்டு பாயா, "பாவம், அவனுக்கு ஒரு பேராவது வச்சிருக்கலாம்ல. குளிர்ல பேரும் இல்லாம நிக்கிறான்" என்றாள்.

"உங்களுக்கெல்லாம் கடைசியில கல்யாணமோ சாவோ வந்தாத்தான் கதை" என்று ஹஸீபாவும் சிரித்தாள். ஆனால் காது மடல் சிவந்திருந்ததை யமீனா பார்த்தாள்.

யமீனாவுக்கும் கேலி செய்ய ஆசை. கூடத்தில் இத்தனை பேர் முன்னால் வாய் எங்கே திறக்கிறது? ஆனால் அன்று துண்டு மடிக்கும்போது நாலடி தானாக வந்துவிட்டது. சனிக்கிழமை அதை லல்லா கெய்ராவின் காதில் போட்டாள். பிலிதா ஊர்க்காரி சொன்னதாகத்தான்.

இந்த ஒரு தடவை மட்டும் கையைச் செவிடாக்க வேண்டாம் என்று முடிவு செய்தாள். ஹஸீபாவின் மோதிரம் அவளுக்குத் தெரியாதா? வெள்ளி, மேலே ஒரு சின்ன மீன், மீனின் வால் பாதி தேய்ந்தது. ஹஸீபாவின் அம்மா போட்டிருந்தது. அதைத் தேடி எடுத்தால் பாட்டு ஹஸீபாவின் தலையில் விழும். எல்லாரும் சிரிப்பார்கள், ஹஸீபாவும் சிரிப்பாள். யார் கேலி செய்தது என்று யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மாலை லல்லா கெய்ராவின் மாடியில் பதினான்கு பேர் கூடினார்கள். மோதிரம் எடுப்பவள் கண்ணைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும். முதுகுக்குப் பின்னால் குடுவை கைமாறிப் போவதும், மோதிரங்கள் தண்ணீரில் விழும் சின்னச் சத்தமும் யமீனாவுக்குக் கேட்டன. உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது.

லல்லா கெய்ரா பாட்டைச் சொன்னாள்.

"கடல் தாண்டிப் போச்சு குருவி,
பாட்டைப் பனியில விட்டு வந்துச்சு;
சொந்தக் கூட்டு வாசல்ல நின்னு
யாரு வீடு இதுன்னு கேட்டுச்சு."

யமீனா கையை உள்ளே விட்டாள். எண்ணவில்லை. தண்ணீர் சில்லென்றிருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுப் போயின. இது ஃபதீலா, இது லல்லா, இது ஹூரியா. அடியில் மீன் தட்டுப்பட்டது. தேய்ந்த வால். எடுத்து உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்கட்டை அவிழ்த்தாள். ஹஸீபாவின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். ஹஸீபா சிரிக்கவில்லை. வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னோடது!" என்று பாயா அலறினாள். "யா ரப்பி, அது நான் போட்டது!"

"அது ஹஸீபா மோதிரம்ல?" என்றாள் ஃபதீலா.

"இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை போயிருச்சுக்கா" என்றாள் ஹஸீபா மெதுவாக. "பாயாவுக்கு வெயில்ல விரல் வீங்கி மோதிரம் கழலல. கீழே முற்றத்துல என்னோடதைக் கழட்டிக் கொடுத்தேன். இதைக் குடுவையில போடுன்னு."

யமீனா அப்போது குழாய் குழாயாகத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். ஊரில் நடப்பது எல்லாம் தெரிகிறவளுக்கு இந்த ஒன்று தெரியாமல் போனது.

மோதிரம் யாருடையதானாலும் போட்ட கைக்குத்தான் பாட்டு. அதில் பேச்சுக்கே இடமில்லை. பாயாவின் புருஷன் ராபஹ் மூன்று வருஷமாக லியோன் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை. கடலுக்கு அந்தப் பக்கம், பனி விழுகிற ஊர். போகப்போகக் கடிதம் குறைந்தது. கடைசியாக வந்ததில் இரண்டே வரி: வியாழக்கிழமை வருகிறேன், பேச வேண்டியது இருக்கிறது. என்ன பேச்சு என்றுதான் அவளும் மனதில் நினைத்துக் குடுவையில் மோதிரம் போட்டிருந்தாள்.

"குருவின்னா சின்னதுதானே பிள்ள. பயப்படாதே" என்றாள் லல்லா கெய்ரா. அவள் குரலிலேயே தெம்பு இல்லை.

"என் புருஷனும் இப்படித்தான் வந்து நின்னான்" என்று மூலையிலிருந்து ஹூரியா சொன்னாள். "பேச வேண்டியது இருக்குன்னான். பெட்டியில தலாக் காகிதம் இருந்துச்சு."

யமீனாவின் கையில் மோதிரம் அப்படியே இருந்தது. வாயைத் திற, இப்போதே சொல், சிரிப்போடு போய்விடும் என்று மனது அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை.

மறுநாள் ஹம்மாமில் செய்தி வந்து சேர்ந்தது. பாயா வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தெனெஸ் துறைமுகத்தில் வேலை பார்க்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம். ராபஹ் மாலையில் வரும்போது வீடு பூட்டிக் கிடக்குமாம்.

"அறிவிருக்கா அவளுக்கு!" என்று லல்லா கெய்ரா தலையில் அடித்துக்கொண்டாள். "அவன் கோபம் தெரியாதா? மூணு வருஷம் கழிச்சு வர்ற ஆம்பள, பூட்டுன கதவைப் பார்த்துட்டு தெனெஸுக்கு ஓடுவானா? அவன் ஆத்தா வேற இதுக்குன்னே காத்திருக்கா. அன்னைக்கே முடிச்சுவிட்ருவா."

ஹஸீபா பாயாவிடம் போய்ப் பேசிப் பார்த்தாள். குடுவை வெறும் மண், தண்ணீர் வெறும் தண்ணீர், மோதிரம் தற்செயலாக வருவது என்று அரை மணி நேரம் விளக்கினாளாம். பாயா, "உனக்குக் குடுவையில மோதிரமும் இல்ல, பயமும் இல்ல. எனக்கு ரெண்டும் இருக்கு" என்று சொல்லிவிட்டாளாம்.

தற்செயல் இல்லை என்பது யமீனா ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பேசாமல் இருந்தால் வியாழக்கிழமை ஒரு குடும்பம் போய்விடும். பேசினால்? இந்த ஒரு தடவைதான் விரலைக் கேட்டு எடுத்தேன் என்றால் யார் நம்புவார்கள்? பதினாறு வருஷத்து மோதிரங்களும் எழுந்து வந்து நிற்கும். அவள் எடுத்த மோதிரத்தைப் பார்த்துப் பெண் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், கொடுக்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் ஹம்மாமில் யார் தங்கள் மோதிரத்தை நம்பிக் கொடுப்பார்கள்? அந்தப் பலகையின் ஓரத்தை விட்டால் அவளுக்கு உலகத்தில் உட்கார இடம் இல்லை.

செவ்வாய்க்கிழமை பாயாவின் வீட்டுக்குப் போனாள். பாயா துணிகளைச் சுருட்டி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"பாயா... அந்தப் பாட்டு..."

"அதைப் பேசாதே."

"அது உனக்கில்ல. நான்தான்... நானே கட்டுனது. ஹஸீபாவைக் கேலி பண்றதுக்கு. மோதிரத்தையும் தடவிப் பார்த்துத்தான் எடுத்தேன்."

பாயா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். பிறகு கண்ணில் நீரோடு சிரித்தாள்.

"நீயா? சலாம் சொல்லவே உனக்கு மூணு நாள் வேணும். நீ பாட்டுக் கட்டுறியா? எனக்கு ஆறுதல் சொல்லணும்னு பொய்யெல்லாம் சொல்றியே. நீ நல்லவ யமீனா."

"பொய்யில்ல..."

"போ. நல்லவங்க பொய் சொன்னா முகத்துலயே தெரியும்."

யமீனா திரும்பி வந்தாள். பிறந்ததிலிருந்து சொல்லாத உண்மையைச் சொல்லியாயிற்று. அதற்கு நல்லவள் என்ற பட்டம் கிடைத்திருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. சொன்னேன், நம்பவில்லை, என் மேல் என்ன குற்றம்? அந்த நினைப்புதான் அவளை நிஜமாகவே பயமுறுத்தியது.

புதன்கிழமை மதியம் பாயா ஹம்மாமுக்கு வந்தாள். புருஷன் வருவதற்கு முதல் நாள் வருகிறவள் மருதாணிக் கிண்ணமும் வாசனை எண்ணெயும் கொண்டுவருவாள், மற்றவர்கள் குலவையிடுவார்கள். பாயா வெறும் சோப்போடு வந்தாள், பயணம் போகிறவளைப் போல. யாரும் குலவையிடவில்லை. குளித்துவிட்டு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து தலை துவட்டும்போது ஹஸீபாவும் வந்து ஓரமாக நின்றாள்.

யமீனாவின் மடியில் பதினேழு முடிச்சுகள் இருந்தன. எழுந்து நின்றாள். கூடத்தில் அவள் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

"லல்லா" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இதையெல்லாம் அவிழ்த்து அந்தச் செம்புச் சட்டியில போடுங்க. தண்ணி ஊத்துங்க. என் கண்ணைக் கட்டுங்க."

"என்னடி ஆச்சு உனக்கு?"

"கட்டுங்க லல்லா. இல்லன்னா மறுபடி என்னால முடியாது."

லல்லா கெய்ரா முணுமுணுத்துக்கொண்டே செய்தாள். துண்டு கண்ணை மூடியதும் யமீனாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. முகங்கள் மறைந்துவிட்டன. கையைச் சட்டிக்குள் விட்டாள்.

"இது ஃபதீலாக்காவோடது. ஓரத்துல பள்ளம், தராசுல இடிச்சது." எடுத்து நீட்டினாள். யாரோ வாங்கினார்கள்.

"ஆமா, என்னோடதுதான்" என்றாள் ஃபதீலா. "அதுக்கென்ன?"

"இது ஹூரியாவோடது. உள்பக்கம் கீறியிருக்கும். இது லல்லாவோடது, கல்லுக்குக் கீழே மெழுகு. இது பாயாவோடது. இன்னைக்குத்தான் கழன்றிருக்கு, சோப்பு வழுவழுன்னு இருக்கு."

நாலு, ஐந்து, ஆறு. முதலில் இருந்த சிரிப்பு எட்டாவது மோதிரத்தில் நின்றுபோனது. பத்தாவதைத் தொட்டபோது யமீனாவின் கையும் நின்றது. அது டீச்சர் வர்தியாவின் கல்யாண மோதிரம். ஆனால் பழைய மோதிரம் இல்லை. போன குளிர்காலத்திலிருந்து அதன் கனம் வேறு. தங்கம் போய்த் தங்கப்பூச்சு மோதிரம் வந்திருந்தது. ஏன் என்று யமீனா கேட்டதில்லை. கண்கட்டுக்கு அப்பால் வர்தியா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

"இது வர்தியாவோடது" என்றாள் யமீனா. "கல்யாண மோதிரம்." அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை.

பதினேழும் முடிந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. கண்கட்டை அவளே அவிழ்த்தாள். பார்த்தவுடன் மறுபடி கட்டிக்கொள்ளத் தோன்றியது. பதினேழு பேரும் அவளைப் பார்த்த பார்வை அப்படி. வீட்டுக்குள் இத்தனை நாள் யாரோ இருந்திருக்கிறார்கள் என்று திடீரென்று கண்டவர்களின் பார்வை.

"பாட்டும் நான் கட்டுனதுதான்" என்றாள். "பிலிதாக்காரி யாருமில்ல லல்லா. ஒருநாளும் இல்ல. குருவி, பனி, கூடு எல்லாம் ஹஸீபா ரேடியோ கதையைக் கேட்டுக் கட்டுனது. அவ மோதிரம்னு தேடி எடுத்தேன். பாயா, அது உனக்கு வரல. நான்தான் எடுத்தேன். உனக்கு எதுவுமே வரல."

"அப்போ என் மக சம்பந்தத்துக்கு எடுத்தது?" என்று ஃபதீலாவின் குரல் உயர்ந்தது. "வேணாம்னு பாட்டு வந்துச்சே! அந்தப் பையனைத் திருப்பி அனுப்பினோமே! அதுவும் தடவிப் பார்த்ததா?"

"இல்லக்கா. இந்த ஒரு தடவைதான். சத்தியமா."

"பதினாறு வருஷம் விரலுக்குத் தெரியுமாம், ஒரு தடவைதான் கேட்டாளாம்!"

யமீனா எதிர்பார்த்த கேள்விதான்.

பாயா எழுந்து வந்தாள். ஈரத் துண்டு கையில். யமீனாவின் முகத்துக்கு வெகு அருகில் நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லு. அது எனக்கில்லன்னு."

"உனக்கில்ல."

பாயா துண்டை ஓங்கி அவள் தோளில் ஒரு போடு போட்டாள். அந்த ஓசை கூடமெங்கும் கேட்டது. "மூணு நாளா நான் செத்துச் செத்துப் பிழைக்கிறேன்டி! உனக்கு விளையாட்டா?" இன்னொரு போடு. மூன்றாவதற்குக் கை எழவில்லை. அப்படியே பலகையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். வெகுநேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "லல்லா, மருதாணி இருக்கா?" என்று கேட்டாள்.

யாரோ தயங்கித் தயங்கி ஒரு குலவை இட்டார்கள்.

ஹஸீபா யமீனாவிடம் வந்தாள். முகத்தில் கோபமா வேறென்னவா என்று யமீனாவால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"யார் வீடுன்னு கேக்கிற குருவி. அது நானா?"

"விளையாட்டுக்கு..."

"நேர்ல சொல்லியிருக்கலாமே யமீனா."

"உன்கிட்ட நான் எதை நேர்ல சொல்லியிருக்கேன்?"

ஹஸீபா எதுவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வெளியே போனாள். அவள் கதை முடிகிற மாதிரியே போகிறாள் என்று யமீனாவுக்குத் தோன்றியது. அந்த நேரத்தில்கூடப் புத்தி கேலியில் போனதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று கிளம்பும்போது பெண்கள் தங்கள் மோதிரங்களைத் மேல்துணி முனைகளில் இறுக்கி முடிந்துகொண்டார்கள். வர்தியா மட்டும் போகிற போக்கில் யமீனாவின் கையை ஒரு கணம் அழுத்திவிட்டுப் போனாள். கூடம் காலியானதும் லல்லா கெய்ரா, "நாளையிலிருந்து நீ மாடியில துண்டு காயப்போடு. வாசல்ல என் தங்கச்சி மகளை உட்கார வைக்கிறேன்" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கொஞ்ச நாளைக்கு" என்று சேர்த்தாள்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ் போயிற்று. பாயா அதில் ஏறவில்லை. அது தெரிந்தும் யமீனாவின் பயம் தீரவில்லை. இடம் மாறிக்கொண்டது, அவ்வளவுதான். பாயாவை அவள்தான் இருக்க வைத்தாள். உனக்கு எதுவுமே வரவில்லை என்று பதினேழு பேர் முன்னால் சொன்னாள். பேச வேண்டியது இருக்கிறது என்று அவன் எழுதியது மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அவன் பெட்டியில் காகிதம் இருந்தால்?

மாலையில் மாடியில் துண்டு எடுத்துக்கொண்டிருந்தாள். பாயாவின் முற்றம் அங்கிருந்து பார்த்தால் தெரியாது; ஆனால் கேட்கும். சந்தில் பெட்டி உரசும் சத்தம் வந்தது. கதவு திறந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். மகனைப் பார்க்க வந்த மாமியாரின் குரல், அழுகை, முத்தச் சத்தங்கள். பிறகு எல்லாம் அடங்கிப்போனது. நேரம் போய்க்கொண்டிருந்தது. யமீனா ஒரே துண்டை மூன்று தடவை மடித்தாள். ஷோர்பா சூப்புக் கிண்ணத்தில் கரண்டிகள் படும் சத்தம் மட்டும். பேச்சில்லை. பேச வேண்டியது இருக்கிறது என்றவன் ஏன் பேசவில்லை? கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாயா" என்றது ஆணின் குரல், கரகரவென்று.

யமீனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஷோர்பாவுல உப்பே இல்ல. மூணு வருஷம் கழிச்சு வர்றேன், இப்பவும் உப்பில்ல."

"மூணு வருஷம் உப்புப் போட்டுத் தந்த புண்ணியவதி யாரோ, அங்கயே இருந்திருக்கலாமே!"

"யாரு தந்தா? கருவாடும் ரொட்டியும் தின்னு நாக்கு செத்துப்போச்சு. அதைத்தான் பேசணும்னு எழுதுனேன். திரும்பிப் போறதா இல்ல. இங்கயே துறைமுகத்துல ஏதாவது பார்த்துக்கிறேன். உன் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

ஒரு கரண்டி கிண்ணத்தில் விழுந்தது. பிறகு பாயா, "உப்பு அந்த மாடத்துல இருக்கு. எடுத்துப் போட்டுக்கங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது.

யமீனா மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பயம் ஒரேயடியாகப் போகவில்லை. விரல் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. கீழே லல்லா கெய்ரா துண்டு எங்கே என்று கத்தினாள். மடித்த துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் படிகளில் இறங்கினாள்.